பந்து காலில், கண் கோச்சின் மேல்

கேள்வி: அக்கா, சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போனால் வரும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறேன். பகலில் ஆலையில் வேலை. சனி, ஞாயிறு சாயந்திரம் தோட்டத்துத் திடலில் 14 பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். எல்லாரும் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள். வெள்ளைப் பலகை வாங்கி, காந்தம் வைத்து, எதிராளி எங்கே நின்றால் பந்தை எங்கே கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்கியிருக்கிறேன். கேட்டால் ஒப்பிக்கிறார்கள். கூம்பு வைத்துப் பழகும்போது பிசகாமல் செய்கிறார்கள். ஆனால் மேட்சில் பந்து காலுக்கு வந்ததும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். கோயில் திருவிழாவை ஒட்டி நடந்த ஏழு பேர் ஆட்டத்தில் 0-4 என்று தோற்றோம். தோட்டத்துப் பெரியவர் ஒருவர், அந்தக் காலத்து மலேசியக் காற்பந்து அணி ஆட்டக்காரர்களைச் சொல்லி, “ஆறுமுகத்துக்கும் சந்தோக் சிங்குக்கும் பலகை வைத்தா சொல்லிக் கொடுத்தார்கள்? விடு தம்பி, பிள்ளைங்க தானா கத்துக்கும்” என்கிறார். நான் அதிகமாகச் சொல்கிறேனா, இல்லை சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லவில்லையா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் தோல்விக் கணக்கு இல்லை. “பந்து காலுக்கு வந்ததும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்” என்று எழுதினீர்களே, அந்த வரி. அதைக் கவனித்து எழுதியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பல கோச்சுகள் அதைப் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் ‘பிள்ளை மரியாதையாக இருக்கிறான்’ என்று மகிழ்ந்துபோகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி ஏறவில்லை என்று நினைக்காதீர்கள். நன்றாகவே ஏறியிருக்கிறது. எந்தக் கேள்விக்கும் பதில் கோச்சிடம் இருக்கும் என்பதைத்தான் அவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பலகை முன்னால் அது சரி. பந்து காலில் இருக்கும்போது அந்தப் பதில் வந்து சேர நேரமில்லை. நீங்கள் திடலைப் பார்க்க வேண்டும், யோசிக்க வேண்டும், கத்த வேண்டும். அவன் கேட்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், அப்புறம்தான் கால் அசையும். எல்லாம் சேர்ந்து ஒரு வினாடியைத் தாண்டிவிடும். பதினோரு வயதுப் பையன் அந்த ஒரு வினாடியில் ஐந்து மீட்டர் ஓடிவிடுவான். நீங்கள் கண்ட வழி, அவன் காதுக்கு எட்டும்போது அடைபட்டிருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ஒரு பத்து வயதுப் பெண் எனக்குக் காட்டிவிட்டாள். பல வருடங்களுக்கு முன் பேராக்கில் ஒரு பள்ளியின் பெண்கள் ஹாக்கிக் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொரு அடிக்கும் நான்தான் குரல் கொடுப்பேன். ஒரு ஆட்டத்தில் அந்தப் பெண்ணிடம் பந்து வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “லெஃப்ட்! லெஃப்ட்!” என்று கத்தினேன். அவள் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு அடித்தாள், பந்து நேராக எதிரணிக்காரியின் மட்டைக்குப் போனது. இடைவேளையில் தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டே கேட்டாள்: “டீச்சர், உங்க லெஃப்டா, என் லெஃப்டா?” அவள் என்னை நோக்கித் திரும்பியிருந்தாள். என் இடது அவளுக்கு வலது. இதில் தவறு முழுக்க என்னுடையது. அவளுடைய இடப்பக்கம் ஆறேழு அடியில் ஒரு தோழி, தடுக்க எதிராளி யாரும் இல்லாமல் நின்றிருந்தாள். என்னைத் தேடாமல் இருந்திருந்தால் அவள் அந்தத் தோழியைப் பார்த்திருப்பாள்.

சரி, ஏன் இப்படி ஆகிறது?

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்தவர். பள்ளி விடுமுறையில் நானும் அவர் வெட்டும் மர வரிசைக்கு, நிரைக்குப் போவேன். உளி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று கேட்டால் அம்மாவால் சொல்ல முடியாது. மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. கொஞ்சம் மீறினால் மரத்தில் காயம் விழுந்து, அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். இந்த இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டர் கணக்குதான். அதை அம்மாவின் கை அறிந்திருந்தது, வாய்க்குத் தெரியாது. எனக்கு அவர் சொன்னதெல்லாம் “காயம் போடாதே” என்ற ஒரே வார்த்தை. மற்றதை மரமே சொல்லிக் கொடுத்தது.

சொல்லத் தெரிந்த அறிவு, செய்யத் தெரிந்த அறிவு என்று இரண்டு உண்டு. ஒன்று இன்னொன்றாகத் தானாக மாறிவிடாது. இங்கிலாந்தில் ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. கோல்ஃப் தெரியாதவர்களுக்குப் பந்தைக் குழிக்குள் தட்டிவிடப் பயிற்சி, ஆளுக்கு 400 தடவை. ஒரு குழுவுக்கு எப்படித் தட்ட வேண்டும் என்று விவரமான குறிப்புகள் கொடுத்தார். இன்னொரு குழுவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. போதாததற்கு, தட்டும்போதே தோன்றிய எழுத்துகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வேலை வைத்தார். மனம் அதில் மாட்டிக்கொள்வதால் விதி எதையும் உருவாக்கிக்கொள்ள வழியில்லை. கடைசியில் பணம், மதிப்பீடு என்று இருவருக்கும் நெருக்கடி கொடுத்தார். விதி தெரிந்தவர்கள் அங்கே தடுமாறினார்கள். விதியில்லாமல் பழகியவர்கள் முன்னேறிக்கொண்டே போனார்கள். நெருக்கடி வந்ததும் மனிதன் தனக்குத் தெரிந்த விதிகளைத் தேடிப் பிடித்து, தானாக ஓடிக்கொண்டிருந்த உடம்பை நிறுத்தி நிறுத்தி ஓட்டப் பார்க்கிறான் என்பது மாஸ்டர்ஸின் விளக்கம். கோயில் திருவிழா, ஊரே கோட்டோரம், ஒலிபெருக்கியில் பெயர் சொல்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அதைவிட என்ன நெருக்கடி வேண்டும்?

அது கைத்திறன் பற்றியது, முடிவெடுப்பது வேறு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முடிவெடுப்பதில் முதலில் அடிபடுவது கண். கூடைப்பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்லி, நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவரை நடக்கவிட்ட காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சைமன்ஸ், சாப்ரிஸ் இருவரும் 1999-இல் வெளியிட்டது. ஏறக்குறைய பாதிப் பேர் கொரில்லாவைப் பார்க்கவே இல்லை. ஜெர்மனியில் மெம்மர்ட், ஃபர்லி என்ற இருவர் இதையே விளையாட்டு வீரர்களிடம் சோதித்து 2007-இல் எழுதினார்கள். பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் ஆடும் இளையோரிடம், உனக்கு எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரரைக் கவனி என்று சொல்லிவிட்டு ஆட்டக் காட்சியைக் காட்டினார்கள். காட்சியில் ஆளில்லாமல் நின்ற சக ஆட்டக்காரரைப் பலர் காணவே இல்லை. கவனத்தைக் குறுக்காமல் விட்டவர்களுக்கு அந்த ஆள் கண்ணில் பட்டார்.

உங்கள் பலகைக்கு வாருங்கள். ‘எதிராளி எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பார், அதற்கு எதிர்ப்பக்கம் கொடு’ என்பது உங்கள் முதல் விதி. விதியில் தப்பில்லை. ஆனால் அதைக் கேட்ட பிள்ளை எதிராளியை மட்டும் பார்ப்பான். கூட்டாளி கையை ஆட்டினாலும் தெரியாது. எதிர்ப்பக்கத்தில் கூட்டாளியே இல்லை என்றால் விதி அவனைக் கைவிட்டுவிடும். அப்போதுதான் உங்கள் முகத்தைத் தேடுகிறான்.

இவ்வளவையும் படித்துவிட்டு, பெரியவர் சொன்னதுதான் சரி, பலகையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். பெரியவர் பாதி சரி. ஆறுமுகமும் சந்தோக் சிங்கும் இருந்த அணி 1980-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. (நம் நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது இன்றும் எனக்கு வலிக்கிற விஷயம்.) அந்த அணிக்குக் கோச் இருந்தார், கார்ல் வைகாங் என்ற ஜெர்மன்காரர். தேசிய அணியில் யாரும் ‘தானா’ ஆடவில்லை. ஆனால் அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் யாரும் குரல் கொடுக்காத திடலில், இருட்டும் வரை, சின்னவன் பெரியவன் கலந்து ஆடி வளர்ந்தவர்கள். சொல் வந்து சேர்ந்தபோது அதைத் தாங்க உடம்பில் அனுபவம் இருந்தது. உங்கள் பிள்ளைகள் பள்ளி, டியூஷன், கைப்பேசி முடித்து வாரம் இரண்டு சாயந்திரம் வருகிறார்கள். ‘விடு, தானா வரும்’ என்பதற்கு அவர்களிடம் அவ்வளவு நேரம் இல்லை.

விளக்கிச் சொல்வது நிஜமாகவே உதவும் இடமும் உண்டு. மார்குஸ் ராப் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 2003-இல் கூடைப்பந்து, ஹேண்ட்பால், வாலிபால் ஆட்டச் சூழல்களை எடுத்து, எப்போது விளக்கம் உதவுகிறது, எப்போது சும்மா ஆடிப் பழகுவது உதவுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். நிலைமை எளிதாக இருந்தபோது, விதி சொல்லாமல் பழகவிட்டவர்கள் நல்ல முடிவெடுத்தார்கள். நிலைமை சிக்கலாக, பார்க்க வேண்டியவை பலவாக இருந்தபோது ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்று விளக்கம் பெற்றவர்களின் கை ஓங்கியது. இதை நான் பெரிதும் நம்புகிறேன். திடலில் நான் கண்டதும் இதேதான்.

உங்கள் பிள்ளைகளுக்கு இதன் பொருள் என்ன? இரண்டு பேர் பந்தோடு வர, ஒருவன் தடுக்கிறான் என்றால் வாயை மூடிக்கொள்ளுங்கள். தடுப்பவன் என் மேல் வந்தால் கூட்டாளிக்குக் கொடுக்க வேண்டும், வராவிட்டால் நானே போக வேண்டும் என்பதை ஏழு வயதுப் பிள்ளைகூட இருபது தடவையில் கண்டுபிடித்துவிடும். நீங்கள் சொல்லிக் கொடுத்தால் அந்த இருபது தடவையைத் திருடிக்கொள்கிறீர்கள். ஆனால் கோல்கீப்பர் கையில் பந்து, ஏழுக்கு ஏழு, எதிரணி முன்னேறி நெருக்குகிறது. இங்கே யார் விரிய வேண்டும், யார் இறங்கி வந்து வாங்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆகும். இதற்குப் பலகை வேண்டும், காந்தம் வேண்டும், உங்கள் விளக்கமும் வேண்டும். அதுவும் முதலில் ஒரு கால் மணி நேரம் ஆடவிட்டு, மூன்று நான்கு தடவை பந்தைப் பறிகொடுத்த பிறகு. பட்ட பிறகு கேட்கிற பிள்ளைக்கு உங்கள் விளக்கம் விடையாக வரும். படாத பிள்ளை அதை மனப்பாடம்தான் பண்ணும்.

எப்படிச் சொல்வது என்பதும் இருக்கிறது. மூன்று பேர் ஒருவருக்கொருவர் பந்து கொடுத்து வாங்க எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு நானே ஒரு காலத்தில் ஐந்தாறு குறிப்பு சொல்வேன்: இடைவெளி இவ்வளவு, கோணம் இப்படி, எதிராளியின் நிழலில் நிற்காதே, இன்னும் ஏதேதோ. இப்போது ஒன்றே ஒன்றுதான் சொல்கிறேன்: “பொங்கலுக்கு அடுப்புக் கல் வைக்கிற மாதிரி நில்லுங்க.” மூன்று கல்லும் ஒரே வரிசையில் இருந்தால் பானை நிற்காது. ரொம்ப ஒட்டியிருந்தாலும் நிற்காது. தைப்பொங்கல் அன்று வாசலில் கல் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கமே வேண்டாம். ஓடிக்கொண்டே “கல்லு, கல்லு!” என்று அவர்களே ஒருவரை ஒருவர் நகர்த்துவார்கள். மேசைப்பந்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். மாஸ்டர்ஸும் இருந்த ஒரு குழு 2006-இல் வெளியிட்டது. மட்டையை மலைச்சரிவில் ஏற்றுவது போல் வீசு என்று ஒரே உவமையில் கற்றவர்களும், வீசும் முறையைப் பல குறிப்புகளாகக் கற்றவர்களும் சாதாரணமாக ஆடும்போது ஒன்றுபோலவே ஆடினார்கள். பந்தை எங்கே அடிப்பது என்ற சிக்கலான முடிவையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தபோது, குறிப்புகளைச் சுமந்தவர்களின் அடி கெட்டது. உவமைக்காரர்களுக்குக் கெடவில்லை. மனதில் இடம் கொஞ்சம்தான் தம்பி. அதைக் குறிப்புகள் அடைத்துக்கொண்டால் திடலைப் பார்க்க எது மிஞ்சும்?

வரும் சனிக்கிழமைக்கு ஒன்று செய்யுங்கள். கூம்புகளை வரிசையாக வைக்காமல், 20 மீட்டருக்கு 15 மீட்டர் என்று ஒரு கட்டம் போடுங்கள். ஒரு பக்கக் கோட்டில் ஒரே கோல் வைக்காமல், அதன் இரண்டு மூலையிலும் மூலைக்கு ஒன்றாக இரண்டு சின்னக் கோல். மூவர் தாக்க, இருவர் தடுக்க வேண்டும். ஒரு கோலை அடைத்தால் இன்னொன்று திறக்கும் என்பதால் பந்து வைத்திருப்பவன் தலையைத் தூக்கியே ஆக வேண்டும். ‘தலையைத் தூக்கு’ என்று நீங்கள் நூறு முறை சொல்ல வேண்டியதை இரண்டு கோல்கள் சொல்லிவிடும். இங்கிலாந்தின் லஃபரோவில் பங்கர், தோர்ப் என்ற இருவர் 1982-இல், ஆட்டத்தைப் புரிந்துகொள்ள ஆட்டத்தையே மாற்றிக் கொடுங்கள் என்று எழுதியதிலிருந்து வளர்ந்த வழி இது. நம் உடற்கல்வி ஆசிரியர்கள் பலருக்கும் தெரியும்.

அந்தக் கட்டத்துக்குள் ஒரு மோசமான பாஸ் போனால் ஆட்டத்தை நிறுத்தி, அந்தப் பிள்ளையிடம் “என்ன பார்த்தே?” என்று மட்டும் கேளுங்கள். “ஏன் அங்கே கொடுத்தே?” என்று கேட்காதீர்கள். நம் வீடுகளில் ‘ஏன்’ என்றால் திட்டு என்று பொருள். பிள்ளை உடனே ஒரு காரணத்தைத் தயாரித்துச் சொல்லும். “என்ன பார்த்தே?” என்றால் உண்மையைச் சொல்லும்: “அவன் கால் மட்டும்தான் பார்த்தேன்”, “கவினைப் பார்க்கவே இல்லை.” அங்கேதான் உங்கள் ஒரு வார்த்தைக்கு வேலை. எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லாதீர்கள், எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். “பந்து வரும் முன்னாடி தோளுக்குப் பின்னால ஒரு தடவை பாரு.” போதும்.

“யோசிச்சு ஆடு” என்பதையும் விட்டுவிடுங்கள். ஜான்சன் என்ற ஆய்வாளரும், நான் முன்னே சொன்ன ராப்பும் ஹேண்ட்பால் இளையோருக்கு ஆட்டக் காணொளியை ஓடவிட்டு, பந்து வைத்திருப்பவர் முடிவெடுக்க வேண்டிய கணத்தில் நிறுத்தி, என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். முதலில் மனதில் வந்த வழி, பின்னால் யோசித்து யோசித்துச் சேர்த்த வழிகளைவிடப் பெரும்பாலும் நன்றாக இருந்தது. அவர்கள் ஆடிப் பழகியவர்கள் என்பதை மறக்க வேண்டாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முதல் எண்ணம் தப்பாக வரலாம், அது பழக்கத்தில்தான் திருந்தும். ஆனால் மூன்று வருடமாக ஆடுகிற பிள்ளையை “யோசி, யோசி” என்றால் நல்ல பாஸைக் கைவிட்டு மோசமானதைத் தேடிப் போவான்.

ஒவ்வொரு தவறையும் திருத்த வேண்டாம். 1990-இல் வின்ஸ்டீன், ஷ்மிட் செய்த ஆய்வில், ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவைச் சொல்லித் திருத்தப்பட்டவர்களைவிடப் பாதி முயற்சிகளுக்கு மட்டும் முடிவு சொல்லப்பட்டவர்கள், சொல்பவர் இல்லாத சோதனையில் பிற்பாடு நன்றாகச் செய்தார்கள். மேட்ச் என்பதும் சொல்பவர் இல்லாத சோதனைதான்.

நேரே, தயங்காமல், கட்டளையாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. இடி கேட்டால் திடலை விட்டு ஓடி வா. சாயந்திர மழைக்காலத்தில் இதற்குக் கேள்வியும் இல்லை, கண்டுபிடிப்பும் இல்லை. பின்னாலிருந்து காலை வெட்டாதே. தண்ணீர் குடி. விதிமுறை இது. இவற்றில் ‘என்ன பார்த்தே’ எல்லாம் வேண்டாம்.

கோட்டோரம் நிற்கிற அப்பாக்களிடமும் பேச வேண்டியிருக்கும். ஒருவர் “அடிடா!” என்கிறார், இன்னொருவர் மலாயில் “தெண்டாங்!” என்கிறார், மாமா “பாஸ், பாஸ்!” என்கிறார். மூன்று மொழியில் மூன்று கட்டளை, ஒரு சின்னக் காது. அவர்களை அதட்டாதீர்கள், பாசத்தில்தான் கத்துகிறார்கள். முதல் பாதியில் பெயர் சொல்லிக் கைதட்டலாம், என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்ட இடங்களில் முக்கால்வாசிப் பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ள ஒரு பழக்கம். செம்பனைக்கு மாறிய தோட்டத்திலும் எங்காவது நான்கு ரப்பர் மரம் மிச்சமிருக்கும். பத்துக் கொட்டையைப் பொறுக்கி இடது பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். மேட்சில் ஒரு தடவை கத்தினால் ஒரு கொட்டை வலது பாக்கெட்டுக்குப் போக வேண்டும். இடது பாக்கெட் காலியானதும் அந்தப் பாதி முடியும் வரை நீங்கள் பேசக் கூடாது. நான் இதைத் தொடங்கிய நாளில் ஆறு நிமிடத்தில் பத்தும் தீர்ந்துவிட்டது. மீதி நேரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றபோதுதான், என் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் எவ்வளவு கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்பதே காதில் விழுந்தது. அதுவரை என் குரல் அவர்கள் குரலுக்கு மேல் இருந்திருக்கிறது.

முதல் இரண்டு மூன்று ஆட்டங்கள் இன்னும் மோசமாகத் தெரியலாம். திரும்பிப் பார்ப்பார்கள், நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள், பந்து பறிபோகும். பெரியவர் தலையை ஆட்டுவார். அந்த நேரத்தில் முகத்தை மட்டும் சுளித்துவிடாதீர்கள், பிள்ளைகள் அதையும் கட்டளையாகப் படிப்பார்கள். ஒரு சின்ன நோட்டில் 14 பெயரையும் எழுதி, யார் எத்தனை தடவை உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கோடு போட்டு வாருங்கள். ஆறு வாரம் கழித்து அந்த நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். கோல் கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.